வெள்ளத்தில் நனைந்த கிட்டாருக்கு வீட்டிலேயே ஸ்பிரே அடிக்கலாமா?

20 ஜனவரி 2024

மிக்ஜாம் புயலில் வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் ஓரடித் தண்ணீர் நின்றது. டிசம்பர் 4 காலை கரண்ட் இல்லை. கட்டில் மேல் மெத்தை, மெத்தை மேல் அரிசி மூட்டை என்று ஏற்றிக்கொண்டிருந்ததில், மூலையில் துணிப்பைக்குள் சாய்த்து வைத்திருந்த எலெக்ட்ரிக் கிட்டாரை மறந்துவிட்டேன். இரண்டு நாள் பாதி பாடி தண்ணீரிலேயே இருந்தது. இப்போது கீழ்ப்பக்கம் கறுப்புப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குப் பெயர்ந்துவிட்டது.

கிட்டார் என் சித்தப்பாவுடையது. 1994-இல் மவுண்ட் ரோட்டில் வாங்கினார். கொரியாவில் செய்த, ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் மாடல் வடிவக் கிட்டார். தூத்துக்குடிப் பக்கம் கோயில் கொடைகளிலும் சர்ச் நிகழ்ச்சிகளிலும் மெல்லிசைக் குழுவோடு பதினைந்து வருடம் அதை வாசித்தார். விரல் மூட்டில் வலி வந்த பிறகு 2011-இல் என்னிடம் கொடுத்தார். அது நனைந்த செய்தியை அவரிடம் உடனே சொல்ல முடியவில்லை. இங்கே தண்ணீர் வடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடியில் அவர் தெருவே தண்ணீரில் நின்றது. பொங்கலுக்குத்தான் சொன்னேன். "நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல, அது போதும்" என்றார்.

கேள்வி இதுதான். மொட்டை மாடியில் வைத்து ஸ்பிரே கேனால் இதற்கு நானே பெயிண்ட் அடிக்க முடியுமா? என் எண்ணம், பழைய பெயிண்டை முழுவதும் உரித்துவிட்டு, மரம் தெரியும்படி விட்டு, மேலே கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) மட்டும் அடிப்பது. தடித்த பெயிண்ட் போனால் சத்தமும் நன்றாகத் திறக்கும் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

22 ஜனவரி 2024

இங்கே பதில் எழுதியவர்கள் முதலில் காய வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சரிதான். கம்பி, கம்பியின் அடிமுனையைப் பிடிக்கும் பிரிட்ஜ், கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப், கழுத்தான நெக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். நெக்கைப் பிடித்திருக்கும் நான்கு திருகில் இரண்டு துருப்பிடித்துத் தலை உருண்டுவிட்டது, ஒரு மணி நேரம் அதிலேயே போனது. நெக் தண்ணீருக்கு மேலே இருந்ததால் தப்பித்தது. பிக்கப் மூன்றும் உயிரோடு இருக்கின்றன, மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். வால்யூம், டோன் கன்ட்ரோல்கள் சுற்றவே இல்லை. புதிதாக மூன்று வாங்க வேண்டும், 250 கிலோ ஓம்.

சமையல் தராசில் பாடியை மட்டும் எடை போட்டேன். 2,640 கிராம். வாரம் ஒருமுறை எடை போடப் போகிறேன். எடை இறங்குவது எப்போது நிற்கிறதோ அப்போதுதான் உள்ளே காய்ந்தது என்று அர்த்தம். தொட்டுப் பார்த்தால் மேல்தோல் காய்ந்தது மட்டும்தான் தெரியும்.

4 பிப்ரவரி 2024

2,520. இன்னும் இறங்குகிறது. ஃபேன் காற்றில், நிழலில் வைத்திருக்கிறேன். வெயிலில் வைக்கச் சொன்னவருக்கு: வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்தால் மரம் வளையும், இணைப்பு விடும்.

25 பிப்ரவரி 2024

போன வாரம் 2,455, இன்று 2,450. போதும் என்று உரிக்க ஆரம்பித்தேன்.

இந்தக் காலத்துக் கிட்டார்களில் மேலே இருப்பது பாலியஸ்டர் அல்லது பாலியூரிதேன். கண்ணாடி மாதிரி கெட்டி, நகத்தின் கனம் இருக்கும். பெயிண்ட் ரிமூவர் தடவி அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன், மினுமினுப்பு மங்கியது, அவ்வளவுதான். தெருமுனை டிங்கரிங் கடையில் பெயிண்டர் அண்ணனிடம் ஹீட் கன் இரவல் வாங்கினேன். சூட்டில் பெயிண்ட் இளகும்போது பட்டித் தகட்டை அடியில் நுழைத்துத் தள்ளினால் அப்பளம் உடைவது போல வில்லை வில்லையாக வருகிறது. பின்பக்கம் பாதி இருபது நிமிடத்தில் முடிந்தது. அப்புறம் கீழ் விளிம்புக்கு வந்தேன்.

அங்கே கோடுகள் தெரிந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, வெளுப்பும் பழுப்புமாக. இது பிளைவுட்.

முப்பது வருடமாக மரம் என்று நினைத்திருந்தோம். சித்தப்பா இதன் எடையைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார், "கனமான மரம்டா" என்று. எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. பிறகு அவர் வாசித்த பழைய கேசட்டைப் போட்டுக் கேட்டேன். அந்தச் சத்தம் இந்தப் பிளைவுட்டிலிருந்துதான் வந்தது. அது போதும் எனக்கு.

26 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம், அவசரமாக. பிளைவுட் என்றால் ஹீட் கன் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். பெயிண்டோடு சேர்ந்து அடுக்குகளுக்கு இடையில் இருக்கும் பசையும் சூட்டில் இளகி, முன்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மேல் அடுக்கு உப்பிவிட்டது. உடனே அணைத்துவிட்டேன்.

மரம் தெரியும்படி விடும் எண்ணமும் போயிற்று. இனி முழு நிறம்தான்.

29 பிப்ரவரி 2024

பெயிண்டர் அண்ணன் வந்து பார்த்தார். கிட்டாருக்கு அவர் பெயிண்ட் அடித்ததில்லை, ஆனால் இருபத்தைந்து வருடமாகக் கார் பானெட்டைத் தேய்க்கிறவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கிற பெயிண்ட எதுக்குத் தம்பி உரிக்கிறீங்க?"

என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், தண்ணீர் படாத மேல்பாதியில் பழைய பூச்சு கல் மாதிரி இருக்கிறது. அதை 320 நம்பர் உப்புத்தாளால் (நம்பர் கூடினால் தாள் மென்மை) பளபளப்புப் போகும்வரை தேய்த்தால் போதும், அதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. பெயர்ந்த இடத்தை மட்டும் மரம்வரை எடுத்து, பூச்சின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, பட்டி வைத்துச் சமன் செய்யலாம். முழுவதும் உரிக்க வேண்டும் என்று நான் முதல் நாள் எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம். கைவசம் உள்ள கிட்டாரின் பூச்சு விரிசல் இல்லாமல் இருந்தால் உரிப்பது வீண் வேலை, ஆபத்தும் கூட. தேய்க்கும்போது மூக்குக்கு நல்ல மாஸ்க் போடுங்கள். அந்தத் தூசி மாவு போல மெல்லியது, மூன்று நாள் வீட்டில் பறக்கிறது.

10 மார்ச் 2024

தண்ணீரில் ஊறிப் பிரிந்த பிளைவுட் அடுக்குகளை ஒட்டினேன். மெடிக்கல் ஷாப்பில் ஊசி வாங்கி, தண்ணீர் தாங்கும் வகை ஃபெவிகாலைச் சிறிது இளக்கி, இடுக்குக்குள் ஏற்றினேன். இரண்டு பக்கமும் கட்டை வைத்து, நடுவில் பிளாஸ்டிக் தாள் கொடுத்து (இல்லாவிட்டால் கட்டையும் சேர்ந்து ஒட்டிவிடும்), சி கிளாம்ப் நான்கு போட்டு ஒரு நாள் முழுவதும் விட்டேன். உப்பிய இடத்தில் பிளேடால் மரத்தின் ரேகையோடு சேர்த்து ஒரு கீறல் போட்டு, அதன் வழியாகப் பசை ஏற்றி அமுக்கினேன். தட்டிப் பார்த்தால் இப்போது எங்கும் ஒரே சத்தம்.

மறுநாள் பட்டி. கார்களுக்குப் போடுகிற, இறுக வைக்கும் ஹார்டனர் கலக்கும் பாலியஸ்டர் பட்டி. ஹார்டனர் நூறு கிராமுக்கு இரண்டு கிராம்தான். அதிகம் போட்டால் கையில் எடுப்பதற்குள் கட்டியாகிவிடும், நான் முதல் உருண்டையைக் குப்பையில்தான் போட்டேன். ஒரேயடியாகத் தடிமனாக வைக்காமல் மூன்று தடவையாக வைத்துத் தேய்த்தேன்.

ஒருவர் மர வேலைக்குப் போடும் சாதாரணப் பட்டி போதாதா என்று கேட்டிருந்தார். திருகு ஓட்டைக்கும் சின்னக் குழிக்கும் போதும். விளிம்புக்குப் போதாது, ஒரு தட்டில் உடையும்.

17 மார்ச் 2024

கிரே பிரைமர் ஒரு கேன் முடிந்தது. கைக்கு வழவழவென்று இருந்தது. பெருமையாக அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு கறுப்பு ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து பனி மாதிரி மேலே தூவினார். காய்ந்ததும் ஒரு ரப்பர்க் கட்டையில் 400 வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சுற்றிக் கொடுத்து, தேய்க்கச் சொன்னார். மேடான இடங்களில் கறுப்பு உடனே போய்விட்டது. பள்ளங்களில் அப்படியே நின்றது. பட்டி வைத்த விளிம்பைச் சுற்றி ஆறு இடம், முன்பக்கம் நான் தகட்டால் கீறிய இரண்டு நீளக் கோடு. விரலுக்கும் கண்ணுக்கும் தெரியாத பள்ளமெல்லாம் படம் போட்டது போல வந்து நின்றன.

கட்டை இல்லாமல் விரலால் தேய்க்கிறவர்கள் நிறுத்திவிடுங்கள். விரல் பள்ளத்துக்குள்ளும் போய்த் தேய்க்கும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். நெக்கின் இரண்டு பக்கமும் பாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளின் உட்புற வளைவுக்கு நான் பழைய தோட்டக் குழாய்த் துண்டில் தாளைச் சுற்றிக்கொண்டேன்.

இதையே மூன்று முறை செய்தேன். பட்டி, பிரைமர், கறுப்புத் தூவல், தேய்ப்பு.

31 மார்ச் 2024

நிறம். நான் நீலம் என்று முடிவு செய்திருந்தேன். சித்தப்பாவிடம் போனில் சொன்னேன்.

"கறுப்பு போயிடுமேன்னு வருத்தமா இருக்கா சித்தப்பா?"

"கறுப்பு எனக்கு எப்பவுமே பிடிக்காதுடா. அன்னைக்குக் கடைல அது ஒண்ணுதான் இருந்துச்சு. நான் சிவப்பு கேட்டேன்."

இருபத்தைந்து வயதில் அவர் மனதில் இருந்தது ஹாங்க் மார்வின் கையில் இருந்த சிவப்பு ஸ்ட்ராட். இங்கிலாந்தின் ஷேடோஸ் இசைக்குழுவின் கிட்டார்காரர். 1959-இல் பாடகர் க்ளிஃப் ரிச்சர்ட் அவருக்காக அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்த கிட்டார் அது. எங்கள் ஊர் மெல்லிசைக் குழுக்களில் அந்தத் தலைமுறை கிட்டார்காரர்கள் பலர் ஷேடோஸ் வாசித்துத்தான் விரல் பழகினார்கள். சித்தப்பாவிடம் அந்த நிறத்தில் ஒரு பத்திரிகைப் படம் இருந்ததாம், பெட்டிக்குள் ஒட்டி வைத்திருந்தாராம்.

நீலத்தை விட்டுவிட்டேன். சிவப்புதான்.

இதைத் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் எனக்குப் பெரிய தெம்பைக் கொடுத்தது. ஃபெண்டர் கம்பெனியின் அந்தக்கால விசேஷ நிறங்கள் பலவும் கிட்டாருக்கென்று செய்தவை அல்ல. டூபாண்ட் கம்பெனியின் கார் பெயிண்ட், டூகோ, லூசைட் என்ற பெயர்களில் வந்தவை. ஃபியஸ்டா ரெட் என்கிற அந்தச் சிவப்பு 1956 ஃபோர்டு தண்டர்பேர்ட் காரின் நிறம். லேக் பிளாசிட் ப்ளூவும் காடிலாக் காரிலிருந்து வந்தது. ஆக, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு டிங்கரிங் கடைக்குப் போவது குறுக்கு வழி கிடையாது. ஃபெண்டரே அந்த வழியில்தான் போயிருக்கிறார்கள்.

7 ஏப்ரல் 2024

முதல் நிறப்பூச்சு. செய்த விதம்:

நெக் உட்காரும் பள்ளத்தில் ஓரடி நீளத்துக்கு ஒரு மரச் சட்டத்தைப் பழைய திருகு ஓட்டைகளிலேயே முடுக்கினேன். அதுவே கைப்பிடி, அதையே கொடிக்கம்பியில் தொங்கவிடலாம். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தினேன். கையை வைத்தால் சுகமாக இருக்கும் சூடு, அதற்கு மேல் கூடாது. கேன் வெடிக்கும். உள்ளே குண்டு உருள ஆரம்பித்த பிறகு இரண்டு நிமிடம் குலுக்கினேன். ஒரு சாண், ஒன்றேகால் சாண் தூரம், அதாவது 25 முதல் 30 செ.மீ. பாடிக்கு வெளியே காற்றில் அழுத்த ஆரம்பித்து, கடந்துபோய், மறுபக்கம் காற்றில் விட வேண்டும். பாடிக்கு மேலேயே ஆரம்பித்தால் அந்த இடத்தில் துப்பிவிடும். முதலில் விளிம்புகள், பிறகு முகம். முதல் கை, அதாவது முதல் தடவைப் பூச்சு, பாதி மறைத்தால் போதும்.

நல்லபடியாகத்தான் போனது. இரண்டாவது கையில், மேல் கொம்பின் பக்கம் சின்னச் சின்ன வட்டக் குழிகள். பெயிண்ட் அந்த இடத்தை விட்டு விலகி நிற்கிறது, தண்ணீரில் எண்ணெய்ச் சொட்டு விட்டது போல. மீன் கண் என்பார்கள். காரணம் எண்ணெய். காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சீவிவிட்டு அந்தக் கையோடு பிடித்திருக்கிறேன்.

அதோடு பக்கத்து வீட்டு வேப்பமரம் பூத்துக் கொட்டுகிறது. மூன்று பூ ஒட்டிக்கொண்டது. ஈரத்தில் எடுக்கப் போகாதீர்கள், காய்ந்த பிறகு தேய்த்தால் தடம் தெரியாது. ஒன்றை ஈரத்தில் எடுத்தேன், கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது.

9 ஏப்ரல் 2024

மீன் கண் வந்த இடத்தைத் தேய்த்து, கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் எண்ணெய் எடுக்கும் திரவத்தால் துடைத்தேன். ஒரு துணியால் தடவி, காய்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணி என்றால் எண்ணெயை இடம் மாற்றிப் பூசுவதுதான் நடக்கும். இனி கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

இன்னொன்று: கிரே பிரைமர் மேல் இந்தச் சிவப்பு மங்கலாக, பழைய மிளகாய் வற்றல் நிறத்தில் நிற்கிறது. சிவப்புக்கு மறைக்கும் சக்தி குறைவு, அடியில் இருப்பது மேலே தெரியும். வெள்ளைப் பிரைமர் போட்டிருக்க வேண்டும்.

21 ஏப்ரல் 2024

எல்லாம் போயிற்று.

சிவப்பு காய்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று இன்று காலை கிளியர் அடித்தேன். இரண்டு நிமிடம் கண்ணாடி போல இருந்தது. மூன்றாவது நிமிடம் கொதித்த பாலின் ஆடை போல முகம் முழுவதும் சுருங்கிக்கொண்டது. நின்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை.

22 ஏப்ரல் 2024

காரணம் தெரிந்தது. நான் ஹார்டுவேர் கடையில் வாங்கிய சிவப்பு, எனாமல் வகை. கிளியரோ அக்ரிலிக் லாக்கர், தின்னர் ஆவியாகிக் காயும் வகை. எனாமல் காற்றோடு சேர்ந்து மெதுவாக, வாரக்கணக்கில் இறுகுவது. அது முழுதாக இறுகுவதற்கு முன் லாக்கரின் காட்டமான தின்னர் மேலே பட்டால் அடியில் ஊறி, உப்பி, சுருங்கும். இறுகிய லாக்கர் மேல் எனாமல் போகலாம். எனாமல் மேல் லாக்கர் போகக் கூடாது.

கேனில் பெரிய எழுத்தில் எதுவும் போட்டிருக்காது. நான் இப்போது செய்யும் சோதனை: ஒரு தகரத் துண்டில் அடித்து இரண்டு நாள் விட்டு, தின்னர் நனைத்த துணியால் தேய்க்கிறேன். லாக்கர் என்றால் உடனே கரைந்து துணியில் நிறம் வரும். எனாமல் என்றால் சுருங்கித் தோலாக வரும். இந்தச் சோதனைக்குப் பத்து ரூபாய் செலவு ஆகாது. நான் இழந்தது இரண்டு கேன், இரண்டு வாரம். எந்த இரண்டு கேனை மேலே மேலே அடிப்பதாக இருந்தாலும் முதலில் ஒரு பலகைத் துண்டில் மொத்த வரிசையையும் அடித்துப் பாருங்கள். பிரைமர், நிறம், கிளியர், அதே இடைவெளியில். இதை மட்டுமாவது யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

5 மே 2024

சுருங்கியதைப் பட்டித் தகட்டால் வழித்தேன். மிச்சத்தைத் தேய்த்தால் பசை மாதிரி தாளை அடைத்துக்கொண்டது, அதனால் பத்து நாள் இறுக விட்டுப் பிறகு பிரைமர்வரை எடுத்தேன். வெள்ளைப் பிரைமர் அடித்தாயிற்று.

இந்தத் தடவை சிவப்பைப் புதுப்பேட்டைப் பக்கம் கார் பெயிண்ட் கலக்கும் கடையில் கலக்கச் சொல்லி, கேனில் நிரப்பி வாங்கினேன். சித்தப்பாவின் படம் இப்போது இல்லை. நான் போனில் இரண்டு மூன்று சிவப்பு காட்ட, அவர் வீடியோவில் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஆரஞ்சு… இன்னும்… அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கலக்கிக் கொடுத்தவர் பொறுமையாக நான்கு தடவை மாற்றினார்.

12 மே 2024

கத்திரி வெயில். நேற்று பதினொன்றரைக்கு அடித்தேன், பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து பொடியாக விழுகிறது. கையால் தடவினால் உப்புத்தாள். விடியற்காலை அடிக்கலாம் என்றால் சென்னையில் அப்போதுதான் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி மாடியில் மாட்டிவிட்டுப் பத்து நாளாகக் குறித்து வருகிறேன். என் மாடியில் இந்த மாதம் சரியான நேரம் ஒன்பதரை முதல் பத்தரை வரை. 65 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம், வெயில் இன்னும் அடிக்க ஆரம்பிக்காத நேரம். உங்கள் ஊரில் நீங்களே குறித்துப் பாருங்கள்.

இன்று அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று கை. வெள்ளையின் மேல் சிவப்பு எரிகிறது. என் மகள் பார்த்துவிட்டு "செம்பருத்தி" என்றாள்.

கேனை மாடியில் விட்டுவிட்டு வராதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று கேனிலேயே போட்டிருக்கும், மே மாத மொட்டை மாடித் தரை அதைச் சுலபமாகத் தாண்டும்.

19 மே 2024

டூகே கிளியர் ஏன் அடிக்கவில்லை என்று கேட்கிறார்கள். அடியில் பித்தானை அழுத்தினால் ஹார்டனர் கலக்கும் கேன், இரண்டு நாளில் கல்லாக இறுகும், பெட்ரோல் பட்டாலும் ஒன்றும் ஆகாது. எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை மூச்சில் இழுத்தால் உடம்புக்கு ஒவ்வாமை பிடித்துக்கொள்ளலாம், பிறகு துளி மூச்சில் போனாலும் ஆஸ்துமா வரும், அந்த ஒவ்வாமை பெரும்பாலும் திரும்பிப் போகாது. வாசனை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. முறையாக அடிக்கிற இடங்களில் வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடி போட்டு அடிக்கிறார்கள். என் மாடிக்குப் பக்கத்தில் துணி காய்கிறது, குழந்தைகள் விளையாடுகிறார்கள். எனக்கு வேண்டாம். அக்ரிலிக் லாக்கர் கிளியர் போட்டுவிட்டு ஒரு மாதம் காத்திருக்கிறேன்.

சாதாரண லாக்கருக்கும் துணி மாஸ்க் போதாது. கரித்தூள் வடிகட்டி உள்ள முகமூடி வாங்குங்கள்.

2 ஜூன் 2024

கிளியர் நான்கு கை முடிந்தது, ஐந்தாவது கையில் தவறு. சாயங்காலம் ஒரு மழை பெய்து விட்டது. தூசியெல்லாம் அடங்கியிருக்கிறது, நல்ல நேரம் என்று அடித்தேன். ஈரப்பதமானியைப் பார்க்கவில்லை. சிவப்பின் மேல் பால் ஊற்றியது போல வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. போய்ப் பார்த்தால் 84.

தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்ப்பதும் இதே கதைதான்.

3 ஜூன் 2024

சரியாகிவிட்டது! மத்தியானம் ஈரப்பதம் 50-க்கு வந்த பிறகு மிக மெல்லிய ஒரு கை கிளியர் அடித்தேன். லாக்கரின் நல்ல குணம் இது, புதிய பூச்சு பழையதைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகும். மாட்டியிருந்த ஈரம் வெளியேறி, என் கண் முன்னாலேயே வெள்ளை கலைந்து சிவப்பு திரும்பி வந்தது. ஏப்ரலில் என்னைக் கைவிட்ட அதே கரைக்கும் குணம் இப்போது காப்பாற்றியது.

7 ஜூலை 2024

ஐந்து வாரம் தொடவில்லை. மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தேன், தின்னர் வாசனை இல்லை. நெக் பள்ளத்துக்குப் பக்கத்தில் நகத்தால் அழுத்தினேன், பதியவில்லை.

வாட்டர் பேப்பர் 1000, 1500, 2000. தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. ஆரஞ்சுத் தோல் போல இருந்த மேடுபள்ளம் மறைந்து முழுவதும் ஒரே மங்கலாக வர வேண்டும். பளபளவென்று மிஞ்சும் புள்ளிகள் பள்ளங்கள். இந்தப் பாடி ஏற்கெனவே தண்ணீரில் அவதிப்பட்டது, பிளைவுட் வேறு, அதனால் எல்லாத் திருகு ஓட்டைகளிலும் முதலில் மெழுகு சொட்டி அடைத்தேன். மர பாடி என்றாலும் இதைச் செய்யுங்கள். ஓட்டை வழியே தண்ணீர் இறங்கினால் சுற்றிலும் பெயிண்ட் வெடிக்கும்.

கீழ்க் கொம்பின் விளிம்பில் அரிசி அளவு வெள்ளை தெரிந்துவிட்டது. விளிம்பில் பூச்சு எப்போதும் மெலிவாகத்தான் இருக்கும், அங்கே தேய்ப்பதே கூடாது, கடைசியில் 2000-ஆல் ஒருமுறை தடவினால் போதும். கேன் மூடியில் கொஞ்சம் சிவப்பை அடித்துக்கொண்டு, நுனித் தூரிகையால் தொட்டு வைத்தேன், மேலே கிளியர் சொட்டு. ஒரு வாரம் கழித்துத் தேய்த்துச் சமன் செய்தால் போதும். பிறகு மெருகேற்றும் ரப்பிங் காம்பவுண்ட், பழைய பனியன் துணி, இரண்டு மணி நேரம். ட்யூப்லைட் அதில் நேர்கோடாகத் தெரிகிறது.

14 ஜூலை 2024

பூட்டும்போது இரண்டு விஷயம். திருகு ஓட்டைகளின் வாயைப் பெரிய டிரில் பிட்டைக் கையால் சுற்றிச் சற்றுச் சரிவாக்கிக்கொள்ளுங்கள். நேரடியாகத் திருகினால் மரை பெயிண்டைத் தூக்கி வெடிக்கச் செய்யும். பிரிட்ஜின் ஆறு திருகில் ஒன்றை அப்படித் திருகி, அதைச் சுற்றி நட்சத்திரமாகக் கீறல் விழுந்தது. தகடு மறைத்துவிட்டது. நெக் பள்ளத்தை நான் ஆரம்பத்திலேயே டேப் ஒட்டி மறைத்திருந்தேன். அப்படியும் ஓரத்தில் ஏறிய பூச்சினால் நெக் இறுகி நின்றது. பலவந்தம் செய்யாமல் 240 தாளால் தேய்த்து உட்கார வைத்தேன்.

28 ஜூலை 2024

சத்தம் பற்றி முதல் நாள் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தடித்த பெயிண்ட் போனால் சத்தம் திறக்கும் என்று எழுதியிருந்தேன். பழைய பூச்சின் பாதி இன்னும் அடியில் இருக்கிறது, மேலே பட்டி, பிரைமர், சிவப்பு, கிளியர். கனம் கூடித்தான் இருக்கிறது. கேசட்டில் கேட்ட அதே கிட்டார் மாதிரிதான் கேட்கிறது. கன்ட்ரோல்களும் கம்பியும் புதிது என்பதால் சின்ன வித்தியாசம் இருந்தாலும் அதைப் பெயிண்ட் கணக்கில் எழுத மாட்டேன். பிக்கப் கேட்பது கம்பியின் அசைவை. சத்தத்துக்காகப் பெயிண்ட் மாற்றுகிறவர்கள் அந்தப் பணத்தில் நல்ல கம்பி வாங்கி, ஒருமுறை செட்டப் (கம்பி உயரம் முதலியவற்றைச் சரிசெய்வது) செய்துகொள்ளுங்கள்.

சித்தப்பா வெள்ளிக்கிழமை வந்தார். பெட்டியைத் திறந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. விளிம்பில் பட்டி வைத்த இடத்தை விரலால் தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. பிளைவுட் என்று சொன்னேன்.

"அப்படியா? பிளைவுட்டா? அதான் இத்தனை வருஷம் வளையாம இருந்துச்சு."

வலி இருக்கும் விரலை விட்டுவிட்டு மூன்று விரலால் ஒரு ஷேடோஸ் மெட்டு வாசித்தார். பாதியில் நிறுத்தி, "சிவப்பு சரியா வந்திருக்குடா" என்றார்.

16 மார்ச் 2025

சிலர் இன்னும் செலவு கேட்கிறார்கள். கேன் எட்டு (வீணான இரண்டையும் சேர்த்து), பட்டி, தாள்கள், முகமூடி, கன்ட்ரோல்கள். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. ஏறக்குறைய அந்தப் பணத்துக்குப் புதுக் கிட்டாரே கிடைக்கும், தெரியும்.

புதிதாக ஒன்று கண்டேன். சுவரில் மாட்டும் கொக்கியின் ரப்பர், கிட்டாரின் கொம்புகளைத் தொடும் இரண்டு இடத்திலும் கிளியர் மங்கி, பிசுபிசுவென்று இருக்கிறது. ரப்பரில் இருக்கும் எண்ணெய்ப் பொருள் லாக்கரை மெல்ல மெல்ல இளக்கும். கம்பெனிக் கிட்டார்களிலேயே லாக்கர் பூச்சு இருந்தால் இது வரும். 2000 தாளால் தேய்த்துக் காம்பவுண்ட் போட்டேன், முக்கால்வாசி போய்விட்டது. கொக்கியைச் சித்தப்பாவின் பழைய வேட்டித் துணியால் இரண்டு சுற்றுச் சுற்றி நூல் கட்டியிருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன் கொக்கியைச் சுவரில் இன்னும் மூன்றடி உயரத்தில் அடிக்க வேண்டும்.